பேப்பர் யார் வாங்கி வந்தது?

ஏ4 பேப்பர் ஒரு ரீம் இரண்டரைக் கிலோ. 80 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 80 கிராம்) தாள் ஒன்று ஐந்து கிராம், ஐந்நூறு தாளுக்கு இரண்டரைக் கிலோ. கொடுங்கோல் அரசு ஆளும் எதிர்காலக் கதை எதைப் படித்தாலும் எனக்கு இந்தக் கணக்குதான் குறுக்கே வந்து நிற்கிறது. நகரம் முழுக்க ரகசியத் துண்டுப்பிரசுரம் பறக்கும். சரி, அந்தப் பேப்பரை யார் வாங்கினார்கள்? எந்தக் கடையில்? ஒரே ஆள் இருபது ரீம் கேட்டபோது கடைக்காரர் நிமிர்ந்து பார்த்தாரா? ஐம்பது கிலோவை மூன்றாவது மாடிக்குத் தூக்கியது யார்? அச்சடித்து வீணான தாளை எந்தக் குப்பைத்தொட்டியில் போட்டார்கள்? கதைக்கு இதெல்லாம் வேண்டியதில்லை என்பார்கள். நாயகன் ஒருவன், காட்டிக்கொடுக்கும் நண்பன் ஒருவன், எங்கோ ஒளிந்திருக்கும் தலைவர், கடைசியில் ஒரு வெடிப்பு, அவ்வளவு போதும். ஆனால் பேப்பர் வாங்கும் காட்சியை வெட்டிவிட்டால் மிஞ்சுவது துணிச்சல் மட்டும்தான். வாசிப்பவர் தன் துணிச்சலை அதோடு அளந்து பார்த்துவிட்டு, ‘நம்மால் ஆகாது’ என்று புத்தகத்தை மூடிவிடுகிறார். அந்தக் கதைகள் மேல் எனக்குள்ள மனக்குறை இதுதான்.

பேப்பர் கணக்கைப் போட்டுப் பார்க்க நிஜமான ஒரு நாடு இருக்கிறது. 1981 டிசம்பர் 13, ஞாயிற்றுக்கிழமை விடிகாலை. போலந்து மக்கள் எழுந்து பார்த்தால் தொலைபேசி செத்துக் கிடக்கிறது. வானொலியில் கம்யூனிஸ்ட் ஆட்சித் தலைவர் ஜெனரல் யாருசெல்ஸ்கி இராணுவச் சட்டம் அறிவிக்கிறார். தொலைக்காட்சியில் செய்தி வாசிப்பவர் இராணுவ உடையில் உட்கார்ந்திருக்கிறார். இரவு பத்து முதல் காலை ஆறு வரை ஊரடங்கு. ஊர் விட்டு ஊர் போக அனுமதிச் சீட்டு. சில வாரம் கழித்துத் தொலைபேசி உயிர்பெற்றபோது, எண்ணைச் சுழற்றியதும் பதிவு செய்த குரல் ஒன்று, உரையாடல் கண்காணிக்கப்படுகிறது என்று சொல்லியது. ஒட்டுக்கேட்பதை ஒளிக்காமலே செய்தார்கள். கிட்டத்தட்ட ஒரு கோடிப் பேர் சேர்ந்திருந்த சாலிடாரிட்டி தொழிற்சங்கத்தின் தலைவர்களை ஒரே இரவில் அள்ளிக்கொண்டு போனார்கள். வூயெக் சுரங்கத்தில் வேலைநிறுத்தம் செய்தவர்கள் மேல் டிசம்பர் 16 அன்று சுட்டதில் ஒன்பது தொழிலாளர்கள் இறந்தார்கள். ஒரு துண்டுப்பிரசுரத்துக்காக எவா குபாஷியெவிச் என்ற நூலகருக்குக் கடற்படை நீதிமன்றம் பத்து ஆண்டு சிறை விதித்தது. எதிர்காலக் கதை எழுதுபவருக்கு வேண்டிய எல்லாமே அங்கே இருந்தன. அவர்கள் காட்டாத பேப்பர் மூட்டையும் இருந்தது.

மரச்சட்டம், துணி, சலவைப் பசை

அச்சகங்கள் அரசின் கையில். நகலெடுக்கும் இயந்திரங்கள் பூட்டுக்குள். அப்படியானால் எதில் அடிப்பது? சைக்ளோஸ்டைல் நம் ஊர்ப் பழைய ஆட்களுக்கு விளக்க வேண்டாத பொருள். மெழுகு பூசிய ஸ்டென்சிலைத் தட்டச்சு இயந்திரத்தில் மாட்டி, ரிப்பனை விலக்கிவிட்டு அடிக்க வேண்டும்; பிறகு அதை மை உருளையில் சுற்றித் தாள்களை ஓட்ட வேண்டும். மெல்லத் தட்டினால் எழுத்து விழாது. ஓங்கித் தட்டினால் வட்ட எழுத்துகளின் நடுப்பகுதி பிய்ந்து கரும்புள்ளியாகிவிடும். ஆயிரம் பிரதியை நெருங்கும்போது ஸ்டென்சில் இழுபட்டுச் சுருங்கத் தொடங்கும். வழவழப்பான தாளில் மை உறிஞ்சாமல் அடுத்த தாளின் முதுகில் ஒட்டிக்கொள்ளும். குளிர்காலத்து வறண்ட அறையில் தாள்கள் மின்னேற்றத்தால் ஒட்டி இரண்டிரண்டாகப் போகும், ஒன்று வெள்ளையாகவே வெளியே வரும். நிலவறையில் வைத்த தாளோ ஈரம் ஏறி ஓரம் சுருண்டு உள்ளே சிக்கும். எல்லாவற்றுக்கும் மேல், உருளை சுற்றும் சத்தம் சுவர் தாண்டிக் கேட்கும்.

அதனால் பலர் ஸ்கிரீன் பிரிண்டிங்குக்குப் போனார்கள். கல்யாணப் பத்திரிகையும் துணிப்பையும் அடிக்கிறோமே, அதே வேலைதான். மரச்சட்டம், அதில் விறைப்பாக இழுத்துக் கட்டிய நைலான் துணி, ஒளிபட்டால் இறுகும் பூச்சு, விளக்கு, தண்ணீர், ரப்பர் பட்டை. பக்கத்தைப் படலமாக எடுத்துத் துணிமேல் வைத்து விளக்கைக் காட்டினால் எழுத்து மறைத்த இடம் மட்டும் இறுகாமல் நிற்கும்; தண்ணீரில் அது கழுவிப் போய்விடும். ரப்பர் பட்டையால் இழுத்தால் அந்த வழியாக மை இறங்கும். ஒளி கூடினால் எழுத்து திறக்காது, குறைந்தால் பூச்சு மொத்தமும் வழிந்துவிடும். துணி கொஞ்சம் தளர்ந்தாலும் எழுத்துக்கு நிழல் விழும். சட்டம் சத்தம் போடாது, பிரித்தால் வெறும் மரக்கட்டை, போலீஸ் பறித்தாலும் தச்சு தெரிந்தவர் இன்னொன்று செய்துவிடுவார். இயந்திரம் போனால் அப்படி இல்லை. அது எல்லைக்கு அப்பாலிருந்து கடத்தி வந்த சரக்கு.

மைக்கு அவர்கள் கண்ட வழி எனக்கு மிகவும் பிடித்தது. அச்சு மை வெளியில் கிடைக்காது. ‘கொம்ஃபோர்ட்’ என்ற சலவைப் பசை கிடைக்கும். நிறமியை அந்தப் பசையில் குழைத்தால் துணியில் இறங்கும் பதத்துக்கு வரும். சோப்புத் தன்மை இருப்பதால் வேலை முடிந்ததும் சட்டத்தையும் கையையும் தண்ணீரிலேயே கழுவிவிடலாம். மண்ணெண்ணெயோ தின்னரோ வேண்டாம் என்றால் வாடையும் இல்லை. மாடிப்படியில் ஏறும் பக்கத்து வீட்டுக்காரர் மூக்கைச் சுளிக்க எதுவும் இராது.

இப்போது கணக்குக்கு வருவோம். ஓர் இதழுக்கு இரண்டு ஏ4 தாள், இரு பக்கமும் அச்சு என்று வைத்துக்கொள்ளுங்கள். பிரதிக்கு நான்கு இழுப்பு. பத்தாயிரம் பிரதிக்கு நாற்பதாயிரம் இழுப்பு. ஒருவர் இழுக்க, ஒருவர் தாளை உருவ, மணிக்கு அறுநூறு வந்தால் ஏறக்குறைய அறுபத்தேழு மணி நேரம் ஓயாமல் அடிக்க வேண்டும். பேப்பர் எடை நூறு கிலோ. மை ஈரமாக இருப்பதால் அடித்ததை உடனே அடுக்க முடியாது. பரப்பி வைக்க இடம் வேண்டும், சமையலறை, கட்டில், குளியல் தொட்டி எல்லாம் தாளாகிவிடும். அதனால்தான் அச்சடிப்பவர்கள் ஒரு வீட்டுக்குள் நுழைந்தால் பல நாள் வெளியே வருவதில்லை. சாப்பாட்டை முன்கூட்டியே கொண்டு போய்விட வேண்டும். இரண்டு பேர் வாழும் வீட்டுக்கு நான்கு பேருக்கான ரொட்டி தினமும் போனால் கடைக்காரருக்குத் தெரியும். ஆளில்லா வீட்டில் இரவெல்லாம் விளக்கு எரிந்தால் எதிர்வீட்டுக்குத் தெரியும். கழிவுத் தாளைத் தொட்டியில் போடக்கூடாது. எரித்தால் வெயில் காலத்தில் ஏன் புகை என்று கேள்வி வரும். ஆகவே கொண்டு வந்தவரே திருப்பிக் கொண்டு போக வேண்டும்.

பேப்பர் எங்கிருந்து வந்தது என்று சொல்லவே இல்லையே. தட்டுப்பாடான சரக்கு அது. அரசு அச்சகத்திலும் அலுவலகங்களிலும் வேலை பார்த்தவர்கள் வெளியே கடத்திக் கொடுத்தார்கள். மற்றவர்கள் கடை கடையாக ஓரிரண்டு ரீமாக வாங்கிச் சேர்த்தார்கள். ஏற்றிச் செல்ல அங்கே பரவலாக இருந்தது குட்டி ஃபியட் 126. இருநூறு கிலோ பேப்பர் ஏறினால் அதன் பின்புறம் அமுங்கிவிடும். உள்ளே ஓட்டுநர் மட்டும் உட்கார்ந்திருக்க, வண்டி மட்டும் குடும்பத்தையே சுமப்பதுபோல் தாழ்ந்து போனால் சாலையில் நிற்கும் போலீஸ்காரருக்கு மூளை தேவையில்லை, கண் இருந்தால் போதும்.

எட்டாவது இதழ்

வார்சாவில் 1982 பிப்ரவரியில் ‘திகோத்னிக் மசோவ்ஷே’ என்ற வார இதழ் தொடங்கியது. நடத்தியவர்கள் பெரும்பாலும் பெண்கள்: ஹெலெனா வுச்சிவோ, யொவான்னா ஷ்சென்ஸ்னா, அன்னா பிகோன்ட், அன்னா டோட்ஜுக். ரகசியப் போலீஸ் தேடியதெல்லாம் தாடி வைத்த ஆண்களை. கையில் காய்கறிப் பையோடு போகும் பெண்களை நெடுங்காலம் அவர்கள் பொருட்படுத்தவே இல்லை. ஆணாதிக்கம் ஒரு போராட்டத்துக்கு இவ்வளவு உதவி செய்த சம்பவம் வேறு உண்டா தெரியவில்லை.

அதன் எட்டாவது இதழ், 1982 மார்ச் 31. என் பார்வையில் எல்லாமே அங்கேதான் திரும்பியது. தடுப்புக்காவலில் இருந்த யாத்செக் குரோன் உள்ளிருந்தே ஒரு கட்டுரையை வெளியே அனுப்பியிருந்தார். மக்கள் கோபம் தானாக வெடித்தால் ரத்த ஆறு ஓடும். அதற்கு முன் கட்டுப்பாடான, மையத் தலைமையுள்ள இயக்கம் ஒன்று பொது வேலைநிறுத்தத்துக்கும், தேவைப்பட்டால் ஆட்சியின் மையங்களை ஒரே நேரத்தில் தாக்கவும் தயாராக வேண்டும் என்பது அவர் வாதம். எழுதியவர் சாதாரண ஆள் அல்ல. எதிர்ப்பு இயக்கத்தின் மூத்த மூளை, பல முறை சிறை கண்டவர்.

அதே இதழில் மறுப்பு எழுதியவர் ஸ்பிக்னியெவ் புயாக். வயது இருபத்தேழு, டிராக்டர் ஆலைத் தொழிலாளி, தலைமறைவு. இராணுவச் சட்டம் வந்த இரவில் க்தான்ஸ்க் நகரில் சங்கத் தலைவர்கள் தங்கியிருந்த ஓட்டலைப் போலீஸ் வளைப்பதை எதிரே ரயில் நிலையத்திலிருந்து பார்த்துவிட்டு, அப்படியே மறைந்து போனவர். அவரோடு அதே இதழில் மறுப்பு எழுதியவர் இன்னொரு தலைமறைவுத் தலைவர் விக்டர் குலெர்ஸ்கி. இருவரும் சொன்னது வேறு. மையம் வேண்டாம். மையம் இருந்தால் அதைப் பிடிப்பார்கள். பரவலாக, ஒன்றுக்கொன்று தெரியாத குழுக்களாக, நிலையெடுத்து நிற்கும் நீண்ட போராட்டம் போதும். குலெர்ஸ்கியின் பட்டியல் புகழ்பெற்றது: அரசிடம் காலிக் கடைகள் இருக்கட்டும், சந்தை இருக்கக்கூடாது; அச்சகங்கள் இருக்கட்டும், பதிப்பு இருக்கக்கூடாது; தபாலும் தொலைபேசியும் இருக்கட்டும், தகவல் தொடர்பு இருக்கக்கூடாது; பள்ளிகள் இருக்கட்டும், கல்வி இருக்கக்கூடாது.

முதல் வாசிப்பில் குரோன் பக்கம் மனம் சாய்வது இயல்பு. கதைகள் நம்மைப் பழக்கியிருப்பது அப்படித்தான். புயாக் சொன்னது சப்பென்று இருக்கிறது. ஆனால் பேப்பர் கணக்கோடு சேர்த்துப் படித்தால் வேறு மாதிரித் தெரியும். ஒரே நாளில் ஒரே நேரத்தில் நாடு முழுக்கத் தாக்க வேண்டுமென்றால் எல்லா ஊருக்கும் தேதி தெரிய வேண்டும். எல்லா ஊருக்கும் தெரிந்த தேதி போலீசுக்கும் தெரியும். ஒரு வீட்டில் மரச்சட்டமும் துணியும் வைத்து வாரம் ஐயாயிரம் பிரதி அடிப்பவருக்கு வேறெந்த வீட்டைப் பற்றியும் தெரியத் தேவையில்லை. அவர் பிடிபட்டால் ஐயாயிரம் குறையும், அவ்வளவுதான். மசோவ்ஷே இதழ் நடந்ததும் அப்படியே. ஆசிரியர் குழு பக்கங்களைத் தயாரித்துக் கொடுக்கும். தனித்தனி அச்சிடங்கள் தனித்தனியே அடிக்கும். உச்சத்தில் வாரம் ஐம்பதாயிரம் பிரதியைத் தாண்டியது. அதே கணக்கில் வாரம் அரை டன் பேப்பர். 290 இதழ்கள்.

மோதிப் பார்க்கும் வழியும் சோதிக்கப்படாமல் இல்லை. 1982 ஆகஸ்ட் 31 அன்று நாடெங்கும் ஊர்வலங்கள். லூபின் நகரில் மூன்று பேர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அக்டோபரில் சாலிடாரிட்டியையே சட்டப்படி கலைத்தார்கள். நவம்பர் 10 பொது வேலைநிறுத்தம் என்று தலைமறைவுக் குழு அழைத்தது. பிசுபிசுத்தது. குரோன் சொன்னது தவறு என்று நான் வாதாட வரவில்லை. ஆனால் நவம்பர் 10-க்குப் பிறகும் இதழ் வந்துகொண்டிருந்தது, அதைக் கையில் வாங்கியவர் தோல்வியைத் தனியாகச் சுமக்கவில்லை.

பணம், வாய், நேரம்

காசு இல்லாமல் எதுவும் நடக்காது. இதைச் சொல்ல ஏனோ எல்லோருக்கும் கூச்சம். வ்ரோத்ஸ்வாஃப் நகரச் சங்கத்தார் கூச்சப்படவில்லை. இராணுவச் சட்டம் வருவதற்குப் பத்து நாள் முன்பு, 1981 டிசம்பர் 3 அன்று, வங்கிக்குப் போய்ச் சங்கக் கணக்கிலிருந்து எட்டுக் கோடி ஸ்லாட்டியை ரொக்கமாக எடுத்து, பேராயர் வீட்டில் ஒளித்து வைத்துவிட்டார்கள். வேலை போனவர் குடும்பத்துக்கும் அச்சுக்கும் அது ஓடியது. மேற்கு நாட்டுத் தொழிற்சங்கங்கள் பணமும் இயந்திரமும் அனுப்பின. அமெரிக்க உளவுத்துறைப் பணமும் சுற்றுவழியில் வந்தது. அதை மறைத்து எழுதினால் கதை பாதிதான்.

ஆனால் அன்றாடச் செலவுக்கு வாசகர் கொடுத்த சில்லறையும் ஓடியது. இங்கே ஒரு சிக்கல். ரசீது கொடுக்க முடியாது. பணம் போய்ச் சேர்ந்ததா, நடுவில் யாராவது விழுங்கினார்களா என்று கொடுத்தவருக்கு எப்படித் தெரியும்? பணத்தோடு ஒரு புனைபெயர் சொல்லிக் கொடுப்பார். பிந்தைய இதழ் ஒன்றின் ஓரத்தில் அந்தப் பெயரும் தொகையும் அச்சாகும். ரசீது ஊருக்கே தெரியும், ஆள் யாருக்கும் தெரியாது. இடையில் ஐந்து கை மாறினாலும் ஐந்து பேரும் ஒருவரை ஒருவர் சந்தேகிக்க வேண்டியதில்லை.

அச்சடித்தவர்களுக்குப் பல இடங்களில் கூலி உண்டு. இது சரியா என்று அன்றே சண்டை நடந்தது. என் கட்சி கூலிதான். நாட்டுக்காக இலவசமாகச் செய்பவர் இரண்டு மாதம் செய்வார், பிறகு குழந்தைக்குக் காய்ச்சல் வரும், மனைவி திட்டுவார், கை நிற்கும். வேலைக்குக் கூலி வாங்குபவர் அடுத்த வியாழக்கிழமையும் வருவார்.

பிடிபட்டால்? வழக்குப் போடாமல் நாற்பத்தெட்டு மணி நேரம் வைத்திருக்கப் போலீசுக்கு அதிகாரம் இருந்தது. வெளியே இருப்பவர்களுக்கு அதுவே அவகாசம்: அந்த நேரத்துக்குள் வீட்டைக் காலி செய்து, மரச்சட்டத்தை நகர்த்தி, அந்த ஆளுக்குத் தெரிந்த ஒவ்வொரு முகவரியையும் மாற்றிவிட வேண்டும். விசாரணையில் என்ன சொல்வது என்பதற்குக் கையேடே சுற்றில் இருந்தது. சுருக்கமாகச் சொன்னால், வாக்குமூலம் தர மறுக்கிறேன் என்பதோடு நிறுத்து. பொய்யும் சொல்லாதே. பொய்யை நினைவில் வைக்க வேண்டும், இரண்டாம் நாள் அது அவிழும். யாருக்கும் கேடில்லாத செய்திதானே என்று டீ குடித்ததைச் சொன்னால், எந்தக் கோப்பையில் எத்தனை பேர் என்பது அடுத்த கேள்வி. வீரத்தால் சிக்கியவர்களைவிட அரட்டையால் சிக்கியவர்கள் அதிகம் இருப்பார்கள் என்பது என் ஊகம். ‘எனக்குத் தெரியும், ஆனால் சொல்லக்கூடாது’ என்று மாமியாரிடம் சொல்வதும் அரட்டைதான்.

வானொலி வேறு ரகம். 1982 ஏப்ரல் 12 அன்று வார்சாவில் சாலிடாரிட்டி வானொலி முதல் முறை ஒலித்தது, சில நிமிடம் மட்டும். கேட்பவர்கள் வீட்டு விளக்கை அணைத்து ஏற்றுங்கள் என்றார்கள்; ஜன்னல்கள் கண் சிமிட்டின. அலைபரப்பியைத் திசையறி கருவியால் நிமிடக் கணக்கில் கண்டுபிடித்துவிடலாம். அதனால் நிகழ்ச்சியை நாடாவில் பதிந்து, கருவியை உயரமான இடத்தில் விட்டுவிட்டு ஆள் விலகிவிட வேண்டும். கருவி போனால் போகட்டும். தோருன் நகரில் 1985 செப்டம்பரில் வானியல் ஆராய்ச்சியாளர்கள் நால்வர் ஒரு இசட்எக்ஸ் ஸ்பெக்ட்ரம் வீட்டுக் கணினியை வைத்து அரசுத் தொலைக்காட்சிப் படத்தின் மேலேயே தேர்தல் புறக்கணிப்பு வாசகத்தைப் படரவிட்டார்கள். அழகான வேலை. ஆனால் வாரா வாரம் செய்ய முடியாத வேலை.

எவரும் செய்யக்கூடியது ஸ்விட்னிக் ஊரில் நடந்தது. ஹெலிகாப்டர் ஆலை ஊர். 1982 பிப்ரவரி 5 முதல், அரசுச் செய்தி தொடங்கும் மாலை ஏழரைக்கு மக்கள் வீட்டை விட்டு இறங்கி வீதியில் உலாவினார்கள். கோஷம் இல்லை, பதாகை இல்லை, நடை மட்டும். சிலர் தொலைக்காட்சியைத் தெருப் பக்கம் திருப்பி ஜன்னலில் வைத்துவிட்டு வந்தார்கள். நடந்ததற்காக எந்தச் சட்டத்தில் கைது செய்வது? அதிகாரிகள் அந்த ஊரில் ஊரடங்கை மாலையிலேயே தொடங்க வேண்டியதாயிற்று. சட்டைக் காலரில் ரேடியோ ரெசிஸ்டர் ஒன்றைக் குத்திக்கொண்டவர்களும் இருந்தார்கள். மின்சாரத்தைத் தடுக்கும் அந்தக் குட்டிப் பொருளுக்குப் போலிஷ் மொழியில் ‘ஒபோர்னிக்’ என்று பெயர். எதிர்த்து நிற்பது என்ற பொருளும் அதில் ஒலிக்கும். காசு என்று பார்த்தால் நயா பைசா.

இன்றைக்கு இதெல்லாம் நடக்காது, மூலைக்கு மூலை கேமரா, கைக்குக் கை போன் என்பார்கள். பாதி சரி. கடை கடையாக ரொக்கம் கொடுத்துப் பேப்பர் சேர்க்கும் ஆளின் முகம் இன்று பதிவாகிவிடும். ஆனால் அன்றும் தொலைபேசி அவர்களுடைய காதுதான், அது ஒளிவுமறைவில்லாமல் தன்னை அறிவித்துக்கொண்டது. மக்கள் அதில் முக்கியமானதைப் பேசாமல் இருக்கக் கற்றுக்கொண்டார்கள். இன்றைய போன் அப்படி அறிவித்துக்கொள்வதில்லை. கேமராவைவிட அதுதான் எனக்குப் பெரிய வேறுபாடாகத் தெரிகிறது.

புயாக் நாலரை ஆண்டு தலைமறைவாக இருந்து 1986 மே 31 அன்று பிடிபட்டார். இதழ் நிற்கவில்லை. கடைசி இதழ் வந்தது 1989 ஏப்ரலில். அரசோடு வட்டமேசை உடன்பாடு ஆகி, தேர்தலுக்காகச் சட்டபூர்வ நாளிதழ் ஒன்றுக்கு அனுமதி கிடைத்திருந்தது. மே 8 அன்று ‘கசேத்தா விபோர்ச்சா’ முதல் இதழ் வந்தது, எட்டுப் பக்கம், ஒன்றரை லட்சம் பிரதி. ஹெலெனா வுச்சிவோவும் தோழிகளும் அதிலும் இருந்தார்கள். அலுவலகம் வார்சாவில் ஒரு பழைய குழந்தைகள் காப்பகம். முற்றத்து மணல் தொட்டியைச் சுற்றி உட்கார்ந்து ஆசிரியர் கூட்டம் நடத்தினார்கள். அச்சடித்தது அரசு அச்சகம். பேப்பரும் அரசு ஒதுக்கீடுதான், எவ்வளவு வேண்டும் என்று விண்ணப்பம் எழுதிக் கேட்டுக் காத்திருக்க வேண்டும்.